தீக்காயம் உடலில் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவது எப்படி

அஞ்செட்டிப் பக்கத்திலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ தீக்காயப்பட்ட ஒருவரைக் கிருஷ்ணகிரிக்கோ தருமபுரிக்கோ அனுப்பப் போகிறோம் என்று தொலைபேசியில் சொன்னால், மறுமுனையில் இருக்கும் மருத்துவர் பெயரையும் ஊரையும் கேட்பதற்கு முன்பே, "எத்தனை பர்சன்ட்?" என்றுதான் கேட்பார். நரம்பு வழியாகத் திரவம் ஏற்ற வேண்டுமா, எவ்வளவு ஏற்ற வேண்டும், மாவட்ட மருத்துவமனையிலேயே வைத்துப் பார்க்கலாமா, சேலத்துக்கோ சென்னைக் கீழ்ப்பாக்கத்துத் தீக்காயப் பிரிவுக்கோ அனுப்ப வேண்டுமா என்பவை பெரும்பாலும் அந்த ஓர் எண்ணை வைத்தே முடிவாகின்றன. அவசரப் பிரிவில் செவிலியராக இருந்த ஆண்டுகளில் அந்த எண் தவறாக வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். கூட்டல் தெரியாமல் தவறியவர்கள் அரிது. சேர்க்கக் கூடாததைச் சேர்த்துத் தவறியவர்களே மிகுதி. எனவே எப்படி எண்ணுவது என்பதைவிட எதை எண்ணாமல் விடுவது என்பதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள், மாம்பழக்கூழ் ஆலைகளிலும் ஓசூர்த் தொழிற்சாலைகளிலும் முதலுதவிப் பொறுப்பில் இருப்பவர்கள், விடுதிக் காப்பாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது.

முதலில் தண்ணீர், பிறகுதான் எண்ணிக்கை

தீயை அணைத்து, ஆளை ஆபத்திலிருந்து விலக்கி, 108-க்குச் சொல்லிவிட்டு, காயத்தின் மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விட வேண்டும். காயம் பட்டு 3 மணி நேரம் வரை இப்படிக் குளிர்விப்பதற்குப் பயன் உண்டு. பனிக்கட்டி வைக்கக் கூடாது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் வெந்நீர் அடுப்பருகே நேரும் காயங்களில், அதிலும் குழந்தைகளுக்கு, காயத்தை மட்டும் நனைத்துவிட்டு மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்தி வைப்பது அவசியம்; உடல் சூடு இறங்கிப்போனால் அதுவே தனி ஆபத்தாகிவிடும். வளையல், மோதிரம், மெட்டி, அரைஞாண் கயிறு ஆகியவற்றை வீக்கம் தொடங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கழற்ற வராவிட்டால் வெட்டிவிடலாம். தோலோடு ஒட்டிப்போன துணியைப் பிய்க்காமல் அதைச் சுற்றிக் கத்தரித்துவிடுங்கள்.

பற்பசை, பேனா மை, தோசை மாவு, காப்பித்தூள், மஞ்சள் எதையும் தடவக் கூடாது என்பது எல்லோரும் சொல்வதுதான். கணக்கெடுப்பவருக்கு அதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. மையும் மஞ்சளும் பூசிய தோலில் எது சிவப்பு, எது வெளுப்பு, எங்கே கொப்புளம் என்று எதுவுமே தெரியாது.

எதை எண்ணக் கூடாது

வெறுமனே சிவந்திருக்கும் தோல் கணக்கில் சேராது. வெயிலில் காய்ந்தது போலச் சிவந்து, தொட்டால் எரிந்து, ஆனால் கொப்புளமோ ஈரமோ இல்லாமல் உலர்ந்திருக்கும் இடம் மேல்தோல் மட்டுமே பாதிக்கப்பட்ட இடம். அது சில நாட்களில் தானாக ஆறிவிடும், உடலின் நீரை இழக்கச் செய்யாது. கொப்புளம் எழுந்த இடம், கொப்புளம் உடைந்து ஈரமாய் இளஞ்சிவப்பாய் இருக்கும் இடம், வெளுத்தோ பழுப்பாகவோ தோல்பதனிட்டது போலவோ மாறிய இடம், கருகிய இடம் ஆகியவை மட்டுமே எண்ணப்பட வேண்டியவை. கடைசியாகச் சொன்ன வகைகளில் வலி குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். தோலிலுள்ள நரம்பு நுனிகளும் சேர்ந்து எரிந்துபோனதே அதற்குக் காரணம். "இங்கே வலிக்கவே இல்லை" என்று நோயாளி சொன்னால் ஆறுதலடையாமல் அந்த இடத்தை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

நம் தோல் நிறத்தில் சிவப்பைக் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால், கையுறை அணிந்த விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்திய இடம் வெளுத்து, விரலை எடுத்ததும் பழைய நிறத்துக்குத் திரும்பி, உலர்ந்து சூடாக மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் எண்ண வேண்டாத சிவப்பே.

அடுத்தது கரி. புகையும் சாம்பலும் படிந்த தோல், எரிந்த தோலைப் போலவே தோற்றமளிக்கும். வைக்கோல் போர் பற்றி எரிந்ததில் காயப்பட்ட ஒருவருக்கு 30 சதவீதம் என்று எழுதி நானே ஒருமுறை கையொப்பமிட்டிருக்கிறேன். மூத்த செவிலியர் ஒருவர் ஈரப் பஞ்சால் அவர் மார்பைத் துடைக்கத் துடைக்க, அடியிலிருந்து நல்ல தோல் வெளியே வந்தது. துடைத்து முடித்தபோது அந்த எண் பாதிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு துடைக்காத உடம்பை நான் எண்ணியதில்லை.

இதற்கு நேர்மாறான தவறு, முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முதுகைப் பார்க்காமல் விடுவது. ஆளை ஒருபுறமாகத் திருப்பி முதுகு, பிட்டம், தொடையின் பின்புறம், அக்குள், விரலிடுக்கு, தலைமுடிக்கு அடியில் உள்ள தோல் ஆகியவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். சேலை பற்றிக்கொண்ட பெண்களிடம் இது கூச்சத்துக்குரிய வேலை. திரை போட்டு, பெண் உதவியாளரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியாகத் திறந்து பார்த்து உடனே மூடிவிடலாம். குளிரிலிருந்து காப்பதற்கும் அதுவே சரியான முறை.

கையளவு

சிதறலான சிறிய காயங்களுக்குக் கையளவை விட எளிய அளவுகோல் இல்லை. நோயாளியின் கை, மணிக்கட்டு மடிப்பிலிருந்து விரல் நுனி வரை, விரல்களை ஒட்டி வைத்த நிலையில், அவருடைய உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். துல்லியமாக அளந்தால் அது 1-ஐ விடச் சற்றுக் குறைவு, பெரியவர்களில் 0.8 சதவீதத்தை ஒட்டியே வரும். இருந்தாலும் அவசர வேளையில் 1 என்று கொள்வதே வழக்கம்.

தமிழில் இதைச் சொல்லும்போது ஒரு குழப்பம் வருகிறது. "உள்ளங்கை ஒரு சதவீதம்" என்று பயிற்சிகளில் சொல்லிவிடுகிறோம். உள்ளங்கை என்றால் நமக்கு விரல் சேராத பகுதிதானே! விரல்களை நீக்கிய உள்ளங்கை வெறும் அரை சதவீதம்தான். அதை வைத்து எண்ணினால் விடை இரட்டிப்பாகிவிடும். அதனால் நான் "விரலோடு சேர்ந்த கை" என்றே சொல்லிக்கொடுப்பது வழக்கம்.

இன்னொன்று: கை நோயாளியுடையதாக இருக்க வேண்டும், எண்ணுபவருடையதாக இருக்கக் கூடாது. பெரியவர்களிடம் இதனால் வரும் பிழை சிறிது. குழந்தையிடமோ விடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். குழந்தையின் கையை ஒரு சுத்தமான தாளின் மேல் வைத்து வரைந்து, அதைக் கத்தரித்து, காயத்தில் படாமல் மேலே பிடித்து இடம் இடமாக நகர்த்தி எண்ணலாம். இரண்டு கைகளும் வெந்திருந்தால் அதே வயதுள்ள, அதே உடல்வாகுள்ள இன்னொரு குழந்தையின் கையை வரைந்துகொள்ளலாம்.

ஒன்பதாம் வாய்ப்பாடு

காயம் பெரிதாக இருந்தால் கையால் எண்ணி மாளாது. அதற்காக எடின்பரோ நகர அறுவை மருத்துவர் வாலஸ் 1951-இல் வெளியிட்ட ஒன்பது விதி இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. பெரியவரின் உடலைப் பதினோரு ஒன்பதுகளாகப் பிரிப்பதே அந்த விதி. தலையும் கழுத்தும் சேர்ந்து ஓர் ஒன்பது. ஒவ்வொரு கையும் தோள் முதல் விரல் வரை சுற்றிலும் ஓர் ஒன்பது. ஒவ்வொரு காலும் இரண்டு ஒன்பது, அதாவது முன்புறம் 9, பின்புறம் 9. மார்பும் வயிறும் சேர்ந்த முன்னுடல் 18. பிட்டம் உட்பட முதுகுப்புறம் 18. பதினோரு ஒன்பது தொண்ணூற்றொன்பது, மிச்சமுள்ள 1 பிறப்புறுப்புப் பகுதிக்கு. ஒன்பதாம் வாய்ப்பாடு படித்த எவருக்கும் இது மறக்காது.

ஒரு பகுதி முழுவதும் வெந்திருந்தால் மட்டுமே அதற்குரிய முழு எண்ணைப் போட வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முழங்கைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் கொப்பளித்திருக்க, "கை, ஒன்பது" என்று எழுதிவிடுகிறார்கள். கையின் முன்புறம் மட்டும் என்றால் 4.5. அதிலும் ஒரு துண்டு மட்டும் என்றால் ஒன்பதை விட்டுவிட்டுக் கையளவுக்குத் திரும்புங்கள். பெரிய பகுதிகளுக்கு ஒன்பதையும் ஓரங்களுக்கும் தெறிப்புகளுக்கும் கையளவையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் அனுபவசாலிகளின் வழக்கம்.

உடல் பெருத்தவர்களிடம் இந்த விதி சற்றுப் பிசகும். அவர்களுடைய தோல் பரப்பில் நடுவுடலும் கால்களும் விதி சொல்வதை விடக் கூடுதல் பங்கையும், தலையும் கைகளும் குறைந்த பங்கையும் பெறுகின்றன.

பொதுவாகச் சிறிய காயத்தை மிகைப்படுத்திச் சொல்வதே மனித இயல்பு. பெரிய காயத்திலோ சில சமயம் கணக்குக் குறைந்துவிடுகிறது. உடலில் பாதிக்கு மேல் வெந்திருப்பதாகத் தோன்றினால் வேகாத இடத்தை எண்ணி 100-இலிருந்து கழியுங்கள். தலையும் ஒரு கையும் ஒரு காலும் தப்பியிருந்தால் தப்பியது 36, வெந்தது 64. எந்தப் பக்கம் சிறியதோ அந்தப் பக்கத்தை எண்ணினால் பிழையும் சிறியதாகவே இருக்கும்.

குழந்தைகளின் கணக்கு வேறு

களிக்கு வைத்த உலைநீரை இழுத்துக் கொட்டிக்கொள்வதும், குளிக்க வைத்த வெந்நீர் அண்டாவில் தவறி விழுவதும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் வீடுகளில் எளிதில் நேரக்கூடிய விபத்துகள். குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரியது, கால்கள் சிறியவை. ஆகவே ஒரு வயது வரை தலையும் கழுத்தும் 18 சதவீதம், ஒவ்வொரு காலும் 13.5 சதவீதம் என்று கொள்ள வேண்டும். கைகளும் நடுவுடலும் பெரியவர்களுக்கு உள்ளபடியே. ஒரு வயதுக்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் தலையிலிருந்து 1 சதவீதத்தைக் கழித்து, அதை இரு கால்களுக்கும் அரை அரையாகப் பங்கிட்டுக் கூட்டுங்கள். மூன்று வயதில் தலை 16, ஒவ்வொரு காலும் 14.5 என்று ஆகும். பத்து வயதில் தலை 9-க்கும் கால் 18-க்கும் வந்து பெரியவரின் கணக்கோடு சேர்ந்துவிடும். எந்த வயதில் கூட்டினாலும் மொத்தம் 100 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு.

இதைவிடத் துல்லியமானது லண்ட், பிரவுடர் என்ற இருவர் 1944-இல் அமெரிக்காவில் வெளியிட்ட வரைபடம். உடலின் முன்புற, பின்புற உருவத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, தலைக்கும் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வயதுக்கு ஏற்ப எண்களை மாற்றித் தரும் படம் அது. பெரியவருக்கு அதில் தலை 7, கழுத்து 2, நடுவுடல் முன்னும் பின்னும் 13 வீதம், ஒவ்வொரு பிட்டமும் 2.5, ஒவ்வொரு பக்கத்திலும் மேற்கை 4, முன்கை 3, மணிக்கட்டுக்குக் கீழுள்ள கை 2.5, தொடை 9.5, கெண்டைக்கால் 7, பாதம் 3.5; பிறப்புறுப்பு 1. மருத்துவமனையில் அந்தப் படம் அச்சிட்ட தாள் இருந்தால், குழந்தைக்கு அதையே பயன்படுத்துங்கள். மனக்கணக்கு அங்கே தேவையில்லை.

இரண்டு கணக்குகள்

மூன்று வயதுக் குழந்தை ஒன்று அடுப்பிலிருந்த உலைநீரை இழுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கழுத்தின் முன்புறம் குழந்தையின் கையளவில் 1, மார்பில் 4, வலது மேற்கையில் 2 என்று கொப்புளங்கள் எழுந்திருக்கின்றன. வயிற்றில் மேலும் 3 கையளவுக்குச் சிவப்பு மட்டும். விடை 7 சதவீதம். சிவப்பைச் சேர்த்திருந்தால் 10 ஆகியிருக்கும். குழந்தைகளுக்கு நரம்பு வழித் திரவம் தொடங்கும் எல்லையே பொதுவாக 10 சதவீதம் என்பதால், அந்த மூன்று சதவீதம் சிகிச்சையையே மாற்றியிருக்கும். தாயின் கையால் அளந்திருந்தாலோ 3 சதவீதம் என்று வந்து, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

அடுத்து, வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் கொதிக்கும் பாகு தெறித்த 60 கிலோ எடையுள்ள ஒருவர். இடது கையின் முன்புறம் 4.5, இடது காலின் முன்புறம் 9, வயிற்றில் 4 கையளவு என்று மொத்தம் 17.5 சதவீதம். பெரியவர்களுக்கு 15 சதவீதத்தைத் தாண்டினால் நரம்பு வழித் திரவம் தேவைப்படும் என்று பல வழிகாட்டிகள் கொள்கின்றன. 20 என்று கொள்பவர்களும் உண்டு. ஏற்ற வேண்டிய திரவத்தைக் கணக்கிடும் பார்க்லேண்டு வாய்பாட்டின்படி 4 மில்லி லிட்டரை எடையாலும் சதவீதத்தாலும் பெருக்கினால், முதல் 24 மணி நேரத்துக்கான ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் 4,200 மில்லி லிட்டர். அதில் பாதியான 2,100 மில்லி லிட்டர் முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் காயம் பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது, மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. காலை 6 மணிக்குப் பாகு தெறித்து, 8 மணிக்குத்தான் ஊசி போடப்பட்டது என்றால் மிச்சம் 6 மணி நேரம்தான். மணிக்கு 350 மில்லி லிட்டர் வீதம் ஏற்ற வேண்டியிருக்கும்.

இவருக்கே யாரோ "கை 9, கால் 18, வயிறும் சேர்த்து 30 இருக்கும்" என்று எழுதியிருந்தால் திரவம் 7,200 மில்லி லிட்டர் ஆகியிருக்கும். கூடுதலாக உடம்புக்குள் போகும் 3 லிட்டர் நுரையீரலிலும் திசுக்களிலும் தேங்கித் தீங்கு செய்யும். வாய்பாடு தொடக்கத்துக்கு மட்டுமே. 2 மில்லி லிட்டரிலிருந்து தொடங்கும் மருத்துவர்களும் இப்போது உண்டு. எதில் தொடங்கினாலும் பிறகு மணிக்கு மணி சிறுநீரை அளந்து, பெரியவருக்குக் கிலோவுக்கு 0.5 மில்லி லிட்டர், குழந்தைக்கு 1 மில்லி லிட்டர் வருகிறதா என்று பார்த்து மருத்துவர் வேகத்தைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். வீட்டில் உள்ளவர்களுக்கோ முதலுதவி செய்பவர்களுக்கோ இந்தக் கணக்கு வேலை இல்லை. தாங்கள் சொல்லும் சதவீதம் எங்கே போய் எப்படிப் பெருகுகிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

எண்ணுக்கு அடங்காதவை

மாங்காய் பறிக்கும் இரும்புத் துரட்டி மின்கம்பியில் பட்டு ஒருவர் தூக்கி எறியப்பட்டால், உள்ளங்கையில் ஒரு சிறு கருகலும் பாதத்தில் ஒரு பொத்தலும் மட்டும் தெரியலாம். தோல் கணக்கு 1 சதவீதத்தைத் தாண்டாது. உள்ளே தசை வெந்திருக்கும், இதயத் துடிப்பு பிசகியிருக்கும். மின்சாரக் காயத்துக்கு இந்த விதிகள் எதுவும் பொருந்தாது, எண்ணைப் பாராமல் அனுப்ப வேண்டும். மூடிய அறையில் புகைக்குள் சிக்கியவருக்குக் குரல் கரகரத்தாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ, எச்சிலில் கரி வந்தாலோ அதுவும் அப்படியே. கையையோ காலையோ மார்பையோ வளையம் போலச் சுற்றி வெந்த காயம் இறுகி இரத்த ஓட்டத்தையும் மூச்சையும் அடைத்துவிடும். தீமிதியில் வெந்த பாதங்களின் அடிப்பகுதி இரண்டும் சேர்ந்தாலும் 4 சதவீதம் வராது, ஆனால் நடக்க வேண்டிய கால்கள் அல்லவா? முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகியவற்றில் பட்ட காயங்கள் எவ்வளவு சிறியவையானாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். இவை தவிர, பெரியவருக்கு 10 சதவீதமும் குழந்தைக்கு 5 சதவீதமும் தாண்டிய எந்தக் காயமும் பெரிய மருத்துவமனைக்கு உரியது.

எழுதுவதும் சொல்வதும்

ஒரு தாளில் மனித உருவத்தை முன்னும் பின்னும் கோட்டுப்படமாக வரைந்து, வெந்த இடங்களை நிழலிட்டு, சிவப்பு மட்டும் உள்ள இடங்களைப் புள்ளியிட்டு வேறுபடுத்துங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி எண்ணை எழுதி அடியில் கூட்டுங்கள்; வெறும் மொத்தத்தை மட்டும் எழுதினால் அடுத்தவரால் சரிபார்க்க முடியாது. முடிந்தால் இருவர் தனித்தனியாக எண்ணிவிட்டு ஒப்பிடுங்கள். தொலைபேசியில் பேசும்போது வயது, எடை, காயம் பட்ட மணி, எதனால் பட்டது, பகுதிவாரியாகச் சதவீதம், முகமோ மூச்சோ பாதிக்கப்பட்டதா என்ற வரிசையில் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் இன்னொரு முறை கேட்க வேண்டியிராது.

பார்க்காத இடம் இருந்தால் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். "முதுகு பார்க்கப்படவில்லை, முன்புறம் 13" என்று எழுதிய தாள், ஊகித்து எழுதிய 25-ஐ விட எவ்வளவோ பயனுள்ளது. வந்து சேர்ந்த இடத்தில் கழுவியபின் மீண்டும் எண்ணுவார்கள். காலையில் சிவப்பாக மட்டும் இருந்த தோலில் மாலைக்குள் கொப்புளம் எழலாம், மேலோட்டமாகத் தெரிந்த காயம் இரண்டு மூன்று நாட்களில் ஆழமாகலாம் என்பதால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் எண்ணுவார்கள். அப்போது பழைய தாளை அடித்துத் திருத்தாமல், தேதியும் மணியும் போட்டுப் புதிய தாளில் எழுதி, பழையதன் மேல் இணைத்து வைக்க வேண்டும்.